கடைசி வீட்டுக் குழாய்

அந்த ஊரில் அவளைத் தெரியாத ஆள் இருக்கலாம். அவளுக்குத் தெரியாத குழாய் இருக்க முடியாது. எந்தக் குழாய் இடப்பக்கம் திருகினால் திறக்கும், எது நாலு முறை இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடும், எதன் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நகராட்சி சுகாதாரப் பிரிவில் இருபத்து மூன்று வருஷமாகத் தண்ணீர் பார்க்கும் வேலை. ஊரே 'தண்ணியக்கா' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, வெள்ளை மாத்திரைப் பட்டை, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை, துடைக்க ஒரு துண்டு, நீல அட்டை போட்ட பதிவேடு. குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விடுவாள். குப்பியில் கோடு வரைக்கும் பிடிப்பாள். மாத்திரையை விரல் படாமல் பட்டையிலிருந்தே உள்ளே தள்ளி, மூடிக் குலுக்குவாள். தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு குளோரின். நிறமே வராவிட்டால் தண்ணீரில் மருந்து இல்லை, கிருமிக்குக் கதவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

வேலை ஒட்டிக்கொண்டால் விடாது. விருந்துக்குப் போனாலும் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். தையல் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர், "இவ என்னையே ரெண்டு தடவ குலுக்கிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அலுவலகம் நகராட்சிக் கட்டடத்தின் பின்னால், பழைய சாமான் அறையாக இருந்த இடம். நாலு மேசை, மூன்று மின்விசிறி. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் மேல் 'சாப்பாட்டு டப்பா வைக்காதீர்கள்' என்று ஒரு அறிவிப்பு. அதற்கும் மேல் எப்போதும் ஒரு சாப்பாட்டு டப்பா. ஊர்க்குழாயை எல்லாம் பார்க்கிற அலுவலகத்தில் கைகழுவும் குழாய் ஒன்பது வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அடுத்த மேசையிலிருந்து கொசு அண்ணன் சொல்வார்: "அது சொட்டட்டும்மா. ஆபீஸ்ல ஒண்ணாவது நிக்காம வேலை செய்யுதே."

கொசு அண்ணன் கொசு ஒழிப்புப் பிரிவுக்காரர். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அவளுக்கு உண்மையான தங்கச்சி ஒருத்தி அதே ஊரில் இருந்தாள். அவளோடுதான் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தக் கதை ஆறு வருஷத்துப் பழசு. அந்த வருஷம் ஊரில் காய்ச்சல் தலைவிரித்து ஆடியது. சுகாதாரப் பிரிவில் உள்ள எல்லாரையும், தண்ணியக்கா உட்பட, வீடு வீடாகக் கொசுப்புழு தேடக் கிளப்பிவிட்டார்கள். அவள் பங்குக்கு வந்த தெருவில் கடைசி வீடு தங்கை வீடு. தங்கை டியூஷன் டீச்சர். முன்னறையில் இருபது பிள்ளைகளுக்குக் கணக்கும் இலக்கணமும் சொல்லிக்கொடுப்பவள். பின்கட்டில் ஒரு தண்ணீர் ட்ரம். மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால் உள்ளே புழு நெளிந்தது.

"அக்கா, இப்பவே கொட்டிடறேன். எழுதாத" என்றாள் தங்கை.

அவள் எழுதினாள். காலையிலிருந்து பதினேழு வீட்டில் எழுதிய கை பதினெட்டாவது வீட்டில் எப்படி நிற்கும்? மறுநாள் மஞ்சள் நோட்டீஸ் தங்கையின் கேட்டில் ஒட்டப்பட்டது. மற்ற பதினேழு வீட்டு நோட்டீஸையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் டியூஷன் வீட்டு நோட்டீஸை இருபது பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அடுத்த வாரமே தெருவில் அவள் 'புழு டீச்சர்' ஆகிவிட்டாள். சில அம்மாக்கள் இரண்டு மாதம் பிள்ளைகளை அனுப்பவில்லை.

"ஊருக்கே அதிகாரி ஆகிட்ட. எனக்கு அக்காவா இருக்க உனக்கு நேரமில்ல" என்றாள் தங்கை. "இனி என் வாசப்படி மிதிக்காத."

அவள் மிதிக்கவில்லை. வம்பு அங்கேதான் தொடங்கியது.

தண்ணீர்ப் பரிசோதனையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு குழாய் வரிசையிலும் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் பார்க்க வேண்டும். அதிலும் கடைசி வீடு முக்கியம். மருந்து ஓடி ஓடிக் களைத்துப்போய்ச் சேருகிற இடம் அது. வழியில் குழாய் எங்கே உடைந்திருந்தாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அந்தத் தெருவில் கடைசிக்குச் சற்று முன்னால் கழிவுநீர் வாய்க்கால் ஒன்று குறுக்கே போகும். மேலே பத்தடி நீளத்தில் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்றே வீடு. ஒன்று பூட்டிக் கிடக்கும். இன்னொன்றில் எதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கும் ஒரு வயதான தம்பதி. மூன்றாவது, தங்கை வீடு.

செவ்வாய்க்கிழமைதோறும் தண்ணியக்கா பாலம் வரை வருவாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு. அவர் வாசல் குழாயில் தண்ணீர் பிடிப்பாள், குலுக்குவாள், நிறம் பார்ப்பாள். பதிவேட்டில் 'கடைசி வீடு' என்ற கட்டத்தில் அந்த எண்ணை எழுதுவாள். முதல் தடவை எழுதியபோது கை கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. அதே குழாய், அதே தண்ணீர், நடுவில் பத்தடிப் பாலம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தங்கை விஷயத்தில் ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதியவள், தங்கை முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக ஆறு வருஷம் பொய் எழுதினாள்.

இந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. செவ்வாயன்று நாலு பேர். வியாழக்கிழமைக்குள் பதினோரு பேர். மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சுகாதார அலுவலர் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதமான ஒரு டாக்டரம்மா. குரலை உயர்த்தாதவர்; எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர். சுவரில் தெரு வரைபடத்தை மாட்டி, நோயாளிப் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு பேசினார்.

"பதினோரு பேருக்கும் பொதுவா இருக்கிறது அந்த டியூஷன் வீடு ஒண்ணுதான். அங்க குடிக்கிறது குழாய்த் தண்ணி. அக்கா, அந்த லைன்ல கடைசி வீட்டு ரீடிங் என்ன?"

தண்ணியக்கா பதிவேட்டைப் பிரித்தாள். "செவ்வாய்க்கிழமை... புள்ளி அஞ்சு, மேடம்."

"நல்ல ரீடிங். அப்ப தண்ணி இல்ல." டாக்டரம்மாவின் பென்சில் வரைபடத்தில் பாலத்துக்கு நகர்ந்தது. "இங்க சாயந்திரம் ஒரு ஐஸ் வண்டி நிக்குமாமே? பிள்ளைங்க வீட்டுக்குப் போறப்ப எல்லாரும் வாங்கறாங்க. அவர் எந்தத் தண்ணில ஐஸ் போடறார்னு பாருங்க. அதுவரைக்கும் வண்டியை நிறுத்துங்க."

அன்று மதியமே வண்டி நின்றது. பெட்டியின் மேல் நோட்டீஸ் ஒட்டியது கொசு அண்ணன். ஐஸ்காரர் சண்டை போடவில்லை. "பதினஞ்சு வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்குத்தான் விக்கிறேன். என் பேத்தியும் இதைத்தான் சாப்பிடறா" என்று மட்டும் சொன்னாராம். தெரு அதற்குள் அவருக்கு 'பேதி ஐஸ்' என்று பெயர் வைத்துவிட்டது.

ஒரு நோட்டீஸ் ஒரு ஆளுக்கு என்ன செய்யும் என்று தண்ணியக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொசு அண்ணனைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் தாடையைத் தடவினார்.

"இதுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? இப்பவே போ. அந்தக் குழாயைப் பாரு. மருந்து இல்லன்னா இன்னிக்குத் தேதியில எழுது. செவ்வாய்க்கிழமை நல்லா இருந்துச்சு, அப்புறம் எங்கயோ உடைஞ்சிருக்குன்னு சொல்லு. முடிஞ்சுது. ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, தங்கச்சி. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடு."

"பிள்ளைங்க திங்கட்கிழமையே படுத்துட்டாங்களே, அண்ணே. செவ்வாய்க்கிழமை தண்ணி நல்லா இருந்துச்சுன்னா, திங்கட்கிழமை படுத்த பிள்ளைங்களுக்கு யார் காரணம்?"

கொசு அண்ணன் குளிர்பெட்டியின் மேலிருந்த சாப்பாட்டு டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"ஐஸ்காரர்தான்னு ஆகிடும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "இல்ல, உண்மையைச் சொன்னா என் வேலை போகும். போகட்டும். ஆனா டியூஷன் வீட்டுத் தண்ணின்னு ஊர்ல தெரிஞ்சா அவளை மறுபடியும் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. ஒரு தடவ நான் பண்ணது போதாதா?"

"நாலு மணிக்கு டியூஷன் ஆரம்பிக்கும்" என்றார் கொசு அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. "மீதிப் பிள்ளைங்க வரும். தண்ணி குடிக்கும்."

மணி இரண்டரை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தபால்காரர் வழக்கம்போலக் குழாயருகே இருந்த வாளியை நகர்த்தி இடம் கொடுத்தார். அவள் நிற்காமல் போவதைப் பார்த்து, "அம்மா, குழாய் இங்க இருக்கு" என்று கையைக் காட்டினார். பாலத்தின் மேல் ஐஸ் வண்டி நிற்கிற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. பத்தடிப் பாலம். அதைக் கடக்க ஆறு வருஷம் ஆகியிருந்தது.

தங்கை கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க, அதிகாரி அம்மா. ட்ரம் பின்னாடி இருக்கு. வழி ஞாபகம் இருக்கா?"

"குழாய் பாக்கணும்."

"குழாய்ல புழு வராதே."

"உன் வாயைப் பாக்க வரல. குழாயைக் காட்டு."

சமையலறைக் குழாய். திறந்து ஓட விட்டாள். கோடு வரை பிடித்தாள். மாத்திரையைத் தள்ளி, மூடி, குலுக்கினாள். மாத்திரை நுரைத்துக் கரைந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். குப்பியை மாற்றிப் பிடித்தாள். இன்னொரு மாத்திரை. ரோஸ் நிறத்தின் சாயல்கூட இல்லை.

பின்னால் நின்ற தங்கையின் குரலில் இப்போது குத்தல் இல்லை. "கலர் வரணுமே?"

"வரணும்."

"வரலைன்னா?"

"தண்ணில மருந்து இல்ல. பாலத்துக்கு அடியில குழாய் விட்டிருக்கு. வாய்க்கால் தண்ணி உள்ள போகுது."

தங்கை முன்னறைப் பக்கம் திரும்பினாள். அங்கே மண்பானையும் அதன் மேல் கவிழ்த்து வைத்த டம்ளரும் தெரிந்தன. "அப்ப நான்தான் குடுத்தேனா பிள்ளைங்களுக்கு? என் பானையில இருந்தா?" பிறகு, "எனக்கும் நாலு நாளா வயிறு சரியில்ல. யார்கிட்டயும் சொல்லல. புழு டீச்சருக்குப் பேதின்னு சிரிப்பாங்க" என்றாள்.

"நீ குடுக்கல. குழாய் குடுத்துச்சு."

"எத்தனை நாளா இப்படி?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். "தெரியாது. நான்தான் வரவே இல்லையே. தபால்காரர் வீட்டுத் தண்ணியைப் பிடிச்சு உன் வீட்டுக் கணக்குல எழுதினேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் தங்கை.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இந்த ஜன்னல்ல நிப்பேன். நீ வருவ. அவர் வீட்டுக் குழாய்ல பிடிப்ப. இந்தப் பக்கம் ஒரு பார்வை பாப்ப. திரும்பிப் போயிடுவ. ஆறு வருஷமாப் பாக்கறேன். பாக்க வந்தவ பாலத்தைத் தாண்டி வந்தா என்னன்னு நினைப்பேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம்ல?"

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை எட்டி அதை மூடினாள்.

"இதை நான் எழுதினா" என்றாள் தண்ணியக்கா, "உன் கேட்டுல மறுபடியும் நோட்டீஸ் வரும். இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு. ஊர் என்ன பேசும்னு உனக்குத் தெரியும்."

தங்கை முன்னறைக்குப் போனாள். பானையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து, தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தாள். "அந்த ஐஸ்காரர் நேத்து வண்டியைத் தள்ளிட்டுப் போனதை இந்த ஜன்னல்லதான் பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனார். எனக்கு அந்த நடை தெரியும்." பானையைக் கவிழ்த்து வைத்தாள். "எழுது. நாலு மணிக்கு வர்ற பிள்ளைங்களை நான் வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன். காரணத்தையும் நானே சொல்றேன். மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி."

மூன்றேகாலுக்குத் தண்ணியக்கா டாக்டரம்மாவின் மேசை முன் நின்றாள். இன்றைய எண் பூஜ்யம் என்றாள். டாக்டரம்மா உடனே போனை எடுத்தார். குழாய் வால்வை மூடச் சொன்னார், தண்ணீர் லாரிக்குச் சொன்னார், பாலத்துக்கடியில் தோண்ட ஆள் கேட்டார். போனை வைத்துவிட்டு, "செவ்வாய்க்கு அப்புறம் உடைஞ்சிருக்கு போல" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். கொசு அண்ணன் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, மேடம். செவ்வாய்க்கிழமை எழுதினது அந்த வீட்டு ரீடிங் இல்ல. பாலத்துக்கு இந்தப் பக்கம் எடுத்தது."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுவும்."

டாக்டரம்மா பதிவேட்டில் ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். இன்னொரு பக்கம். "எவ்வளவு தூரம் பின்னால போகணும்?"

"இந்தப் பதிவேடு போதாது, மேடம். அலமாரில இருக்கிற பழைய ரெண்டையும் எடுக்கணும்."

அறையில் கைகழுவும் குழாய் சொட்டுவது தெளிவாகக் கேட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "நான் அந்த நம்பரை நம்பித்தான் ஒரு மனுஷன் வண்டியை நிறுத்தினேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க. ஏன்னும் எழுதுங்க."

என்ன நடந்தது என்பதை எழுதப் பத்து நிமிஷம் ஆனது. ஏன் என்பதற்கு ஒரு மணி நேரம்.

மறுநாள் தோண்டினார்கள். குழாயின் இணைப்பில் விரல் நுழைகிற விரிசல். உடைந்து மூன்று வாரமாவது இருக்கும் என்றார் குழாய்க்காரர். ஒவ்வொரு செவ்வாயும் பாலம் தாண்டியிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். அந்தக் கணக்கை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று பிள்ளைகளும் வீடு திரும்பும்வரை தினமும் இரண்டு வேளை வார்டு வாசலில் போய் நின்றாள். அந்த அம்மாக்களில் ஒருத்தி அவளைப் பிடித்துக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். வாங்கிக்கொண்டாள்.

ஐஸ் பெட்டியின் மேலிருந்த நோட்டீஸைத் தானே கிழிப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போனாள். ஐஸ்காரர் வீட்டு முற்றத்தில் வண்டி ஓரமாக நின்றது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, ஈரத்துணியால் பசையைத் துடைத்தாள். அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்மேலதான் தப்பு" என்றாள்.

"தெருவுல சொன்னாங்க" என்றார். விரலை நீட்டி, "அந்த மூலையில இன்னும் ஒட்டிட்டிருக்கு பாருங்க. நல்லாத் தொடைங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் தண்ணீர் போய்விட்டது. பையையும் குப்பியையும் நிற அட்டையையும் வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மீதமிருந்த இரண்டு வருஷத்துக்கும் அவளைக் கொசு அண்ணனின் பிரிவில் போட்டார்கள்.

"இருபத்து மூணு வருஷம் என் வேலையைப் பாத்துச் சிரிச்ச இல்ல?" என்றார் கொசு அண்ணன், டார்ச்சைக் கையில் கொடுத்து. "வா, தங்கச்சி. இனிமே ஊர்ல இருக்கிற பூந்தொட்டியெல்லாம் உன்னுது."

எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை. அவரும் வேண்டுமென்றே அந்தத் தெருவைத்தான் கொடுத்தார்.

தங்கை வீட்டில் அன்று டியூஷனுக்கு ஏழு பிள்ளைகள்தான் இருந்தார்கள். மற்றவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள் என்று தெரிந்ததுபோல இருபது பாயும் விரித்தே கிடந்தன. கொதித்து ஆறிய தண்ணீர்ப் பானையின் மேல் 'கொதிக்க வைத்தது' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

"ட்ரம்மைப் பாக்கலாம்ல?" என்றாள் தண்ணியக்கா.

"பாரு, பாரு. ஆறு வருஷமா அதுக்கு மூடி மேல மூடி. ஒரு எறும்பு போக முடியாது."

உண்மைதான். ட்ரம் பளிச்சென்று இருந்தது. தங்கை இடுப்பில் கை வைத்து நின்றாள். தண்ணியக்கா திரும்பினாள். பழக்கதோஷம், ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியின் கீழ்த்தட்டிலும் டார்ச் அடித்தாள். அதே ஜன்னல். தட்டில் அரை டம்ளர் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் மூன்று சின்னக் கோடுகள் நெளிந்து அடியில் இறங்கின.

இருவரும் தட்டையே பார்த்தார்கள். முன்னறையில் பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணியக்கா பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, தங்கையைப் பார்த்தாள்.

"என்னை என்ன பாக்கற? எழுது." தங்கை தட்டை எடுத்துப் பின்வாசலில் வெயிலடித்த தரையில் கொட்டினாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "எழுதிட்டுப் போயிடாத. டீ போடறேன். அப்புறம், அந்த நோட்டீஸை இந்தத் தடவை கேட்டுக்கு உள்பக்கமா ஒட்டு."

"வெளிப்பக்கம்தான் ஒட்டணும். விதி."

"அப்ப நேரா ஒட்டு. போன தடவ கோணலா இருந்துச்சு. டியூஷன் வீட்டுக் கேட்டு, பிள்ளைங்க பாக்கும்."